‘பேட்டில் ரோயல்’: இடாப்பில் இருந்து கூப்பிடப்பட்ட பெயர்கள்

“பேட்டில் ரோயல்” எண்டால் எங்கட வயதுக்காரருக்கு முதலில் ஞாபகம் வருவது கைத்தொலைபேசிதான். பப்ஜி, ஃப்ரீ ஃபயர் விளையாடாத ஆக்களுக்குக் கூட அந்த விதிகள் தெரியும். ஒரு தீவில் ஆட்களை இறக்குவார்கள். கையில் கிடைக்கிற ஆயுதத்தை எடுக்க வேண்டும். வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். கடைசியில் மிஞ்சுகிறவர் வென்றவர். பப்ஜியை உருவாக்கிய பிரெண்டன் கிரீன், இந்த யோசனை ஒரு ஜப்பானியப் படத்தில் இருந்து வந்தது என்று சொல்லியிருக்கிறார். ‘ஸ்குவிட் கேம்’ இயக்குநர் ஹ்வாங் டொங்-ஹியுக்கும் தன்னைப் பாதித்தவற்றில் அதே கதையைக் குறிப்பிடுகிறார்.

2000 டிசம்பரில் வெளியான ‘பேட்டில் ரோயல்’தான் அது. இயக்கியவர் கின்ஜி ஃபுகசாகு. பின்னால் வந்தவர்கள் அதன் விதிகளை எடுத்துக்கொண்டு, ஒரு விஷயத்தை மட்டும் கழற்றி வைத்துவிட்டார்கள். ஸ்குவிட் கேமில் கடனில் மூழ்கியவர்கள் ஒப்பமிட்டு உள்ளே போகிறார்கள். பப்ஜியில் நாங்களாகவே விரலால் அமத்தித் தொடங்குகிறோம். ஃபுகசாகுவின் படத்தில் வருகிற பிள்ளைகளை ஒருவரும் கேட்கவில்லை. பாராளுமன்றம் சட்டம் போடுகிறது, இராணுவம் ஏற்றிக்கொண்டு போகிறது, பழைய வகுப்பாசிரியர் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிறார்.

பாக்காதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கிட்டிய எதிர்காலம். ஜப்பானின் பொருளாதாரம் விழுந்துவிட்டது. 15 சதவீதம் பேருக்கு வேலை இல்லை. 8 இலட்சம் மாணவர்கள் பள்ளிக்கூடம் போக மாட்டோம் என்று நிற்கிறார்கள். பெரியவர்களுக்குப் பிள்ளைகளைக் கண்டு பயம். அந்தப் பயத்தில் ஒரு கல்விச் சீர்திருத்தச் சட்டம் வருகிறது. அதன்படி ஒரு வகுப்பைத் தெரிந்தெடுத்து, ஆளில்லாத் தீவு ஒன்றில் விட்டு, மூன்று நாளுக்குள் ஒருவர் மட்டும் மிஞ்சும் வரை ஒருவரையொருவர் கொல்ல வைப்பார்கள். எல்லோருடைய கழுத்திலும் வெடிக்கிற வளையம். மூன்றாம் நாள் முடிவில் ஒருவருக்கு மேல் உயிரோடு இருந்தால் எல்லா வளையமும் வெடிக்கும். சுற்றுலா போகிறோம் என்று பஸ் ஏறிய வகுப்பு, மயக்கம் தெளிந்து பார்க்கும்போது அந்தத் தீவில் ஒரு பழைய வகுப்பறையில் இருக்கிறது. இடையில் சேர்க்கப்பட்ட இரண்டு பேரோடு மொத்தம் 42 பேர்.

விதிகளை விளக்குகிற காணொளி ஒன்று அந்த வகுப்பறையில் ஓடும். சிறுவர் நிகழ்ச்சி நடத்துகிற அக்கா மாதிரி ஒரு பெண், சிரித்துச் சிரித்து, துள்ளித் துள்ளி, கழுத்து வளையம் எப்படி வெடிக்கும் என்று சொல்லிக்கொடுக்கிறார். படத்தின் எந்தக் கொலையையும் விட அந்தச் சிரிப்புத்தான் எங்களைக் கூடுதலாகத் தொந்தரவு செய்தது.

இந்தப் படத்தைப் பற்றிக் கதைக்கிற பலர், “இளைஞர்களின் வன்முறை” பற்றிய படம் என்றோ, “வாழ்க்கையே ஒரு போட்டி” என்று சொல்கிற படம் என்றோ முடித்துவிடுகிறார்கள். அப்படி முடித்தால் இயக்குநர் 1945இல் எங்கே இருந்தார் என்ற கேள்வி விடுபட்டுப் போகிறது.

ஃபுகசாகு 1930இல் இபராகி மாகாணத்தின் மிட்டோ நகரில் பிறந்தவர். 1945இல் அவருக்கு 15 வயது. படத்தில் வருகிற பிள்ளைகளின் அதே வயது. அவருடைய வகுப்பு அப்போது பள்ளிக்கூடத்தில் இருக்கவில்லை, ஆயுதத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தது. அந்த ஜூலையில் நேச நாடுகளின் போர்க்கப்பல்கள் அந்தக் கரையோரத்தைப் பீரங்கியால் தாக்கின. பதுங்க இடம் இல்லாத பிள்ளைகள் ஒருவருக்குக் கீழே ஒருவர் ஒளிந்தார்கள். மேலே கிடந்தவர்கள் செத்தார்கள், கீழே கிடந்தவர்கள் தப்பினார்கள். பிறகு, சிதறிக் கிடந்த நண்பர்களின் உடல்களைப் பொறுக்கி எடுக்கிற வேலையும் தப்பியவர்களுக்கே தரப்பட்டது. நட்பு என்று நினைத்திருந்தது அந்த நேரத்தில் என்ன ஆனது என்பதையும், பெரியவர்கள் சொன்ன எல்லாமே பொய் என்று அன்று விளங்கியதையும் ஃபுகசாகு பின்னாளில் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். கௌஷுன் தகாமி 1999இல் எழுதிய நாவலை வாசித்தபோது அவருக்கு வந்த ஞாபகம் அந்தத் தொழிற்சாலைதான்.

அந்தத் தொழிற்சாலைக்குப் பிள்ளைகள் எப்படி வந்தார்கள்? எல்லாம் சட்டப்படிதான். 1938இல் ஜப்பான் தேசிய அணிதிரட்டல் சட்டத்தைக் கொண்டுவந்தது. போர் இறுக இறுக, முதலில் சில நாட்கள், பிறகு சில மாதங்கள், பிறகு ஆண்டு முழுக்க என்று மாணவர்களின் உழைப்பை எடுத்துக்கொள்ளும் ஆணைகள் வந்தன. 1945 மார்ச்சில் அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. ஏப்ரலில் இருந்து ஒரு வருடத்துக்கு, சிறுவர்களின் ஆரம்ப வகுப்புகள் தவிர மற்ற எல்லா வகுப்புகளும் நிறுத்தம். போர் முடியும்போது 30 இலட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் தொழிற்சாலைகளிலும் வயல்களிலும் இருந்தார்கள். ஹிரோஷிமாவில் ஓகஸ்ட் 6 காலையில் நகர மையத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் ஏன் அவ்வளவு பேர் வெளியில் நின்றார்கள் என்பதற்கும் இதுதான் காரணம். குண்டு விழுந்தால் தீ பரவாமல் இருக்க வீடுகளை இடித்து வெளி உண்டாக்குகிற வேலைக்கு அவர்களைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அந்த வேலையில் நின்று இறந்த மாணவர்கள் ஏறக்குறைய 6,000 பேர்.

ஒகினவாவில் நடந்தது இன்னும் படத்துக்குக் கிட்ட வருகிறது. 1945 மார்ச் 23 இரவு, இரண்டு பெண்கள் பாடசாலைகளைச் சேர்ந்த 222 மாணவிகளும் 18 ஆசிரியர்களும் இராணுவ மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்கள். ஹிமேயூரி மாணவிகள் என்று பின்னர் அறியப்பட்டவர்கள் இவர்கள்தான். மருத்துவமனை என்றால் கட்டடம் என்று நினைக்க வேண்டாம். மலையில் கையால் தோண்டிய குகைகள். காயப்பட்ட படையினரின் புழு எடுப்பது, வெட்டி எறிந்த கை கால்களைக் காவிக்கொண்டு போய்ப் புதைப்பது, குண்டுமழைக்குள்ளால் தண்ணீர் எடுத்துவருவது அவர்களின் வேலை. போர் சில நாளில் முடிந்துவிடும், திரும்பிப் படிக்கலாம் என்று நம்பிப் புத்தகங்களையும் கொண்டு போனவர்கள் அவர்களில் இருந்தார்கள். ஜூன் 18 இரவு, அமெரிக்கப் படை தலைக்கு மேல் வந்துவிட்ட நேரத்தில், அணி கலைக்கப்பட்டது, இனி நீங்களாகவே பார்த்துக்கொள்ளுங்கள் என்று உத்தரவு வந்தது. மாணவிகள் குகையை விட்டு வெளியே போக வேண்டும். மொத்தம் இறந்த 136 பேரில் நூறுக்கும் மேற்பட்டவர்கள் அந்த உத்தரவுக்குப் பிந்திய சில நாட்களில் இறந்தார்கள். சரணடைவது கேவலம், பிடிபட்டால் அதைவிட மோசமானது நடக்கும் என்று அதுவரை சொல்லிக்கொடுத்திருந்ததால், கைக்குண்டை நெஞ்சோடு அணைத்து வெடிக்க வைத்தவர்களும் அவர்களில் உண்டு.

படத்தில் ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டு, ஒரு பையை எறிந்து, கதவுக்கு வெளியே இருட்டில் தள்ளிவிடுகிற காட்சி இருக்கிறது. பைக்குள் ஒருவருக்குத் துப்பாக்கி இருக்கும், கதாநாயகன் சூயாவுக்குப் பானை மூடி கிடைக்கும். ஃபுகசாகு இந்தக் காட்சிக்கு ஒகினவாவை நினைத்தாரா என்பதை விடுங்கள். அந்தக் குகை வாசலைப் பற்றி ஒருக்கா வாசித்த பிறகு, அந்தக் கதவை வேறு மாதிரிப் பார்க்க எங்களால் முடியவில்லை.

போர் முடிந்ததும் அடுத்த கூத்து நடந்தது. 1945 இலையுதிர் காலத்தில் பாடசாலைகள் திறந்தபோது புதிய பாடப்புத்தகம் அச்சிட நேரம் இருக்கவில்லை. பழைய புத்தகத்தில் பேரரசர், போர், வீரமரணம் பற்றி இருந்த வரிகளை மையால் அழிக்கும்படி மாணவர்களுக்கே சொன்னார்கள். நேற்று வரை அந்த வரிகளைப் பாடமாக்கச் சொல்லி அடித்த அதே ஆசிரியர், இன்று பக்கம் எண் சொல்லி அழிக்கச் சொல்கிறார். ஃபுகசாகுவின் தலைமுறை படித்த ஜனநாயகப் பாடம் இப்படித்தான் தொடங்கியது. அவர் பிறகு எடுத்த படங்களிலும் இதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. 1972இல் எடுத்த ஒரு படத்தில், போர்க்களத்தில் சொந்த இராணுவத்தாலேயே மரண தண்டனை கொடுக்கப்பட்ட கணவனுக்கு உண்மையில் என்ன நடந்தது என்று ஒரு விதவை வீடு வீடாகப் போய்க் கேட்பார். 1973இல் வந்த அவருடைய புகழ்பெற்ற யகுசா படம் அணுகுண்டு மேகத்தோடு தொடங்கும்.

சரி, 1945 பற்றிய கோபம் 2000இல் எடுத்த படத்தில் ஏன் இவ்வளவு சூடாக இருக்கிறது? ஏனென்றால் 90களில் ஜப்பான் பெரியவர்கள் திரும்பவும் பிள்ளைகளைப் பார்த்துப் பயப்படத் தொடங்கியிருந்தார்கள். 90களின் தொடக்கத்தில் காணி விலையும் பங்கு விலையும் சரிந்தன. 1997 நவம்பரில் யமைச்சி என்ற பெரிய பங்குத்தரகு நிறுவனமும் ஹொக்கைடோ தகுஷொகு வங்கியும் ஒரே மாதத்தில் விழுந்தன. வாழ்நாள் வேலை என்ற உறுதி போய்விட்டது. 1998இல் ஒரே வருடத்தில் தற்கொலை செய்தவர்கள் 30,000ஐத் தாண்டினார்கள், அதில் நடுத்தர வயது ஆண்கள் ஏராளம். படத்தில் சூயாவின் அப்பாவும் வேலை இல்லாமல் போய் அப்படித்தான் இறக்கிறார். மகனுக்கு அவர் விட்டுப்போன கடைசி வார்த்தை, கழிப்பறைத் தாள் சுருளில் எழுதிய “விடாதே, சூயா” என்ற மாதிரியான ஓர் உற்சாகம். தன்னால் முடியாததை மகனிடம் கேட்டுவிட்டுப் போன அப்பா!

அதே நேரம் 1997இல் கோபே நகரில் 14 வயதுப் பையன் ஒருவன் இரண்டு சிறுவர்களைக் கொன்றான். 1998 தொடக்கத்தில் 13 வயது மாணவன் ஆசிரியையைக் கத்தியால் குத்திக் கொன்றான். 2000 மே மாதம் 17 வயதுப் பையன் பஸ் ஒன்றைக் கடத்தினான். இவை உண்மையில் நடந்த கொடுமைகள்தான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வங்கிகளை மூழ்கடித்தது பதினைந்து வயதுப் பிள்ளைகள் இல்லையே. தொலைக்காட்சியில் இரவிரவாக ஓடிய விவாதம் மட்டும் “இந்தப் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது” என்பதாகவே இருந்தது. 1999இல் கொடியையும் தேசிய கீதத்தையும் சட்டமாக்கினார்கள். 2000 நவம்பரில் சிறுவர் சட்டம் திருத்தப்பட்டு, குற்றவியல் தண்டனை கொடுக்கக்கூடிய வயது 16இல் இருந்து 14 ஆனது. பிரதமர் அமைத்த கல்விச் சீர்திருத்த ஆணையம், பிள்ளைகள் எல்லோரையும் சமூக சேவையில் ஈடுபடுத்த வேண்டும் என்று டிசம்பரில் பரிந்துரை கொடுத்தது. அதே டிசம்பர் 16ஆம் திகதி படம் திரையரங்குக்கு வந்தது. படத்திலும் கொலைச் சட்டத்துக்குப் பெயர் “கல்விச் சீர்திருத்தம்” தான். அந்த நேரம் ஜப்பானில் பத்திரிகை வாசித்த எவருக்கும் இந்தக் குத்து விளங்காமல் போயிருக்காது.

விளங்கித்தான் இருக்கிறது. படம் வெளிவர முன்பே எதிர்க்கட்சி உறுப்பினர் இஷீ கோகி அதைப் பாராளுமன்றத்தில் எழுப்பினார். பிள்ளைகளுக்கு ஆபத்தான படம் என்பது முறைப்பாடு. தணிக்கையில் 15 வயதுக்குக் குறைந்தவர்கள் பார்க்க முடியாது என்று முடிவானது. அப்ப படத்தில் வருகிற வகுப்பில் இருக்கக்கூடிய பிள்ளைகளில் பாதிப் பேர் அதைப் பார்க்க முடியாது! ஃபுகசாகு தன் படம் அந்த வயதுக்காரருக்காகத்தான் என்று பகிரங்கமாகவே சண்டை பிடித்தார். எதிர்ப்பே விளம்பரமாகிப் படம் 300 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது வேறு கதை.

இனி அந்தத் தீவுக்குள் வருவோம். எங்களுக்கு மிக முக்கியமாகப் படுவது வெளிச்சவீட்டுக் காட்சி. ஆறு தோழிகள் ஒரு வெளிச்சவீட்டைப் பிடித்துக்கொண்டு, ஒருவரையும் கொல்லாமல், ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டு இருக்கிறார்கள். காயப்பட்ட சூயாவையும் தூக்கிவந்து மருந்து கட்டியிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி, சூயா தற்செயலாக ஒருவனின் சாவுக்குக் காரணமானதைத் தூரத்தில் நின்று பார்த்தவள். அவளுக்குப் பயம். சூயாவின் சாப்பாட்டில் நஞ்சைக் கலக்கிறாள். அதை வேறொருத்தி எடுத்துச் சாப்பிட்டுவிட்டு விழுகிறாள். அடுத்த நிமிடம் யார் கலந்தது என்ற கேள்வி, பழைய சின்னச் சின்னக் கோபங்கள், துப்பாக்கி. நஞ்சு கலந்தவளைத் தவிர எல்லோரும் செத்துப்போகிறார்கள். அவள் மேலே ஏறிக் குதிக்கிறாள்.

அரசாங்கம் அந்த அறைக்குள் ஒரு குண்டும் சுடவில்லை. இந்த விளையாட்டு வேலை செய்கிற முறை அதுதான். பிள்ளைகள் கொலைகாரர்களாக இருக்க வேண்டிய தேவை இல்லை, பக்கத்தில் இருப்பவர் கொல்லக்கூடும் என்று நினைத்தால் போதும். நாளுக்கு நான்கு தரம் ஒலிபெருக்கியில் செத்தவர்களின் பெயர்களை வாசிப்பதும் அதற்காகத்தான். பெயரைக் கேட்டவுடன், “அப்ப கொன்றது யார்?” என்று ஒவ்வொருவரும் சுற்றிவரப் பார்ப்பார்கள். இன்னொரு இடத்தில் இரண்டு மாணவிகள் மலை உச்சியில் நின்று, சண்டை வேண்டாம், எல்லோரும் இங்கே வாருங்கள் என்று ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். அவர்களைச் சுட்டவன் அதே ஒலிபெருக்கியை அவர்களின் வாயருகே பிடித்து, அவர்கள் சாகிற சத்தத்தைத் தீவு முழுக்கக் கேட்க வைப்பான். அதற்குப் பிறகு ஒருவரும் ஒருவரையும் கூப்பிடவில்லை.

அந்தச் சுடுகிறவன் கிரியாமா. படத்தில் எங்களுக்குப் பிடிக்காத பகுதியும் அவன்தான். ஒரு வார்த்தை கதைக்காமல், ரசித்துக் கொல்வதற்காகத் தானாகவே வந்து சேர்ந்தவன். திரைக்கதைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் ‘பிறவிக் கொலைகாரன்’ ஒருவனை உள்ளே விட்டவுடன், பாராளுமன்றத்தில் முறைப்பட்டவர்கள் சொன்னதற்குப் படமே கொஞ்சம் இடம் கொடுத்துவிடுகிறது. இரத்தம் தெறிக்கிற காட்சிகளில் சிலதை இயக்குநர் அனுபவித்துத்தான் எடுத்திருக்கிறார், அதையும் மறைக்கத் தேவையில்லை. நாவலில் இந்த நாடு ‘மகா கிழக்காசியக் குடியரசு’, அதாவது போரில் தோற்காமல் பழைய ஏகாதிபத்தியமாகவே தொடர்கிற ஜப்பான். படம் அதை எடுத்துவிட்டுச் சாதாரண ஜப்பானில் கதையை வைத்ததை நாங்கள் நல்ல முடிவு என்றே நினைக்கிறோம். தோற்று, மையால் அழித்து, ஜனநாயகம் படித்த நாடும் இதே இடத்துக்கு வரலாம் என்றல்லவா அது சொல்கிறது.

தகேஷி கிட்டானோ நடித்த ஆசிரியர் பாத்திரத்துக்கும் அவர் பெயரே, கிட்டானோ. ஒரு காலத்தில் மாணவன் ஒருவனிடம் கத்திக்குத்து வாங்கியவர். சொந்த மகள் தொலைபேசியில் வெறுப்போடு கதைக்கிறாள். இத்தனை கொலைகளை நடத்துகிற ஆள், இடையில் உடற்பயிற்சி செய்கிறார், பிஸ்கட் சாப்பிடுகிறார். கடைசியில் அவர் வரைந்த ஓவியத்தைக் காட்டுவார்கள். செத்துக் கிடக்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் நடுவில் நொரிகோ என்ற மாணவி மட்டும் ஒளியோடு நிற்கிறாள். அவரை மரியாதையாக நடத்திய ஒரே பிள்ளை அவள். பிள்ளைகள் தன்னை நேசிக்கவில்லை என்ற தனிப்பட்ட காயத்துக்கு ஒரு தேசியச் சட்டம் மருந்தாகக் கிடைத்த மனிதர் அவர். இந்த மாதிரியான ஆளை ஒரு தரமாவது சந்திக்காமல் யாராவது பள்ளிக்கூடம் முடித்திருக்கிறோமா?

இதை இலங்கையில் இருந்து பாக்கிற எங்களுக்கு, வகுப்பு இடாப்பில் பெயர்கள் குறைந்துகொண்டே போவதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. போர்க்காலத்தில் 18 நிரம்பாத பிள்ளைகள் படைக்குச் சேர்க்கப்பட்டதை ஐ.நா. அறிக்கைகள் பதிவு செய்திருக்கின்றன, விடுதலைப் புலிகள் தொடர்பாகவும், பிறகு கருணா அணி தொடர்பாகவும். எங்கட வீடுகளில் அதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் இன்றைக்கும் யாராவது தேத்தண்ணி போட எழும்பிப் போவார்கள். போர் முடிந்த பிறகு, 2011இல், பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளைகளைத் தலைமைத்துவப் பயிற்சி என்று இராணுவ முகாம்களுக்குக் கட்டாயமாக அனுப்பினார்கள். இப்பவும் “இந்தக் காலத்துப் பெடியள் கெட்டுப் போச்சினம், ஆமியில போட்டு எடுத்தால் சரிவரும்” என்று எந்தப் பக்கத்துப் பெரியவர்களும் சுலபமாகச் சொல்கிறார்கள். அந்த வசனத்தைக் கேட்கும்போது எங்களுக்கு அந்தச் சிரிக்கிற காணொளி அக்காவின் முகம்தான் வருகிறது.

ஹிமேயூரி மாணவிகளில் தப்பியவர்களும் பல காலம் பேசவில்லை. தோழிகளை விட்டுவிட்டு உயிரோடு வந்த குற்றவுணர்வு. இறந்த பிள்ளைகளின் பெற்றோரின் முகத்தைப் பார்க்க முடியாமல் இருந்தவர்கள், கடைசியில் முன்னாள் மாணவிகளாகச் சேர்ந்து 1989இல் ஒரு நினைவு அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். இறந்தவர்களின் படங்களைப் பெயரோடு சுவரில் தொங்கவிட்டு, வருகிறவர்களுக்குத் தாங்களே நின்று சொன்னார்கள்.

படத்தின் முடிவில் சூயாவும் நொரிகோவும் தீவில் இருந்து தப்பி, தேடப்படும் கொலைகாரர்களாக நகரத்துக்குள் ஓடுகிறார்கள். திரையில் ஒரு சொல் வருகிறது: ஓடு. எங்கே என்று சொல்லப்படவில்லை. 70 வயது இயக்குநரிடம் அதற்குப் பதில் இருந்ததா தெரியாது, ஆனால் இரண்டாம் பாகத்தை எடுக்கத் தொடங்கினார். அப்போது அவருக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. ஒரு காட்சியை மட்டும் எடுத்த நிலையில் 2003 ஜனவரி 12ஆம் திகதி இறந்துபோனார். மிச்சத்தை முடித்தது, முதல் படத்துக்குத் திரைக்கதை எழுதிய மகன் கென்டா. அந்த இரண்டாம் பாகம் நல்ல படம் இல்லை. முதல் படத்தை மட்டும் தேடிப் பாருங்கள்.